மாற்ற முடியாது என்ற எண்

காலையில் மருந்தக ஜன்னலைத் திறந்ததும் முதலில் வந்து நின்றவர் கிளிஞ்சல்மேடு அஞ்சலையம்மாள். மருந்து வாங்க வரவில்லை. "சிஸ்டர் இன்னும் பதில் போடல சார், என்னன்னு பாருங்க" என்றார். அவர் தன் ஆக்சிஜன் அளவை அனுப்பினால், குடிக்கிற டீ ஆறுவதற்குள் பதில் வந்துவிடும். எனக்கு என்னவோ போலிருந்தது. சிஸ்டரின் குவார்ட்டர்ஸுக்கு ஆள் அனுப்பினோம். கதவை உடைத்துத்தான் உள்ளே போக வேண்டியிருந்தது. மாரடைப்பில் உயிர் போயிருக்கிறது என்றார் டாக்டர். ஆஸ்பத்திரிக்குத் தெரியும் முன்பே ஏதோ சரியில்லை என்று மீனவர் தெருவுக்குத் தெரிந்துவிட்டது.

புவனா சிஸ்டரைத் தெரிந்தவர்களுக்கு அந்த ஆப்பையும் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நிமோனியா, நெஞ்சுச் சளி என்று எங்களிடம் படுத்துத் தேறி வீட்டுக்குப் போகிறவர்களிடம், விரலில் மாட்டும் சின்ன ஆக்சிஜன் கருவி ஒன்றைக் கொடுத்தனுப்புவோம். காலையும் மாலையும் அளந்து போனில் இருக்கும் ஆப்பில் போட வேண்டும். அளவு சரியாக இருந்தால் பச்சை. இறங்கினால் சிவப்பு, உடனே ஒரு நர்ஸின் போன் அலறும். அந்த ஒரு நர்ஸ் யார் என்ற பேச்சு வந்தபோது, "தற்காலிகமா உங்க நம்பரப் போட்டுக்கிறோம்" என்று சிஸ்டரிடம் சொன்னார்கள். அவரும் "சரிங்க" என்றார். அவ்வளவுதான், மாட்டிக்கொண்டார்.

வேலையில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. துறைமுகத்தில் ஐஸ் பெட்டிக்குள் கைவிட்டு மீன் அள்ளுகிறவர்கள் அதே கையோடு கருவியை மாட்டிக்கொள்வார்கள். விரல் விறைத்துப்போயிருக்கும், கருவி சிவப்பைக் காட்டும். சிஸ்டர் பதற மாட்டார். "கையத் தொடச்சு, அக்குள்ல வெச்சு சூடாக்கிட்டு மறுபடி பாருங்க" என்பார். பச்சை வந்துவிடும்.

ஒருமுறை இதற்கு நேர்மாறாக நடந்தது. இதே அஞ்சலையம்மாள், திரும்பவும் ஆஸ்பத்திரியில் படுக்கப் போட்டுவிடுவார்களோ என்று பயந்து, கருவியை மருமகள் விரலில் மாட்டி அளவெடுத்து அனுப்பிவிட்டார். ஆப் அழகாகப் பச்சை காட்டியது. மூன்று நாளாக இருமியவருக்கு இவ்வளவு நல்ல அளவா என்று சிஸ்டருக்குச் சந்தேகம். போன் போட்டு, என்ன குழம்பு என்று கேட்டார். அந்த அம்மாவால் மீன் பெயரைச் சொல்லி முடிக்கக்கூட மூச்சு போதவில்லை. ஆட்டோ பிடித்துப் போய் கையோடு அழைத்து வந்தார் சிஸ்டர். அன்று விட்டிருந்தால் அஞ்சலையம்மாள் இல்லை. "பச்சைய நம்பிடாதீங்க சார், ஆளப் பேசவிட்டுக் கேளுங்க" என்று என்னிடம் சொன்னார்.

ஆனால் அவருக்கு இங்கே இருக்க விருப்பமில்லை. இதை மறைத்து அஞ்சலி எழுத என்னால் முடியாது. வீட்டுக்காரரும் ஒரே மகள் நித்யாவும் புதுச்சேரியில் இருந்தார்கள். காரைக்காலில் கொஞ்ச காலம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று வந்தவர் அவர். நம் ஊரிலிருந்து நம் தலைநகரத்துக்குப் போக, நடுவில் அடுத்த மாநிலத்தையே தாண்ட வேண்டும். பஸ்ஸில் போய் வருவதற்குள் விடுப்பே தீர்ந்துவிடும். நித்யா முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும், பிரசவத்துக்கு முன்னால் எப்படியாவது மாற்றல் வாங்கிவிட வேண்டும் என்று நின்றார்.

அலுவலகத்துக்குத் துணைக்கு நானும் போனேன். யாரும் கடிந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. உட்காரச் சொன்னார்கள், காபி கொடுத்தார்கள். "ஆப்புல உங்க நம்பர்தானேம்மா இருக்கு, நீங்க போயிட்டா யாரு பாக்குறது?" என்றார் அதிகாரி. நம்பரை மாற்றிக்கொள்ளுங்கள் என்றேன் நான். மேலிடத்து அனுமதி வேண்டுமாம், ஆப் செய்த கம்பெனிக்காரர் வர வேண்டுமாம், லாகின் சிஸ்டர் பெயரிலேயே இருக்கிறதாம். இன்னும் என்னென்னவோ சொன்னார்கள். அடுத்த விழாவில் மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். இறங்கி வந்தவர் அதை மடித்துக்கொண்டே, "பொன்னாடை போட்டாச்சுல்ல, இனிமே விடமாட்டாங்க சார்" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எனக்குப் பொறுமை குறைச்சல். போனை அணைத்துத் தூக்கிப் போடுங்கள், அப்போதுதான் இவர்களுக்குப் புத்தி வரும் என்று எத்தனையோ தடவை கத்தியிருக்கிறேன். "அணைச்சுப் பாத்தேன் சார். அணைச்சா இன்னும் சத்தமா கேக்குது" என்பார்.

நித்யாவின் வளைகாப்புக்கு எங்களில் சிலர் புதுச்சேரிக்குப் போயிருந்தோம். சந்தனம் பூசி, வளையலைக் கையில் எடுத்தார் சிஸ்டர். போன் அலறியது. காரைக்கால் பக்கத்துப் பூவத்திலிருந்து சிவப்பு. வளையலைத் தட்டில் வைத்துவிட்டு வாசலுக்குப் போனார். அந்த வீட்டாரிடம் பேசித் தைரியம் சொல்லி, ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டதா என்று கேட்டு, அவர் உள்ளே வருவதற்குள் சித்தியும் அத்தையும் வளையலைப் போட்டு முடித்துவிட்டார்கள். சாப்பாட்டுப் பந்தியில் நித்யா என்னிடம், "அம்மா வந்திருக்காங்க அங்கிள், ஆனா வரல" என்றாள். பூவத்துக்காரர் பிழைத்தார். அதனால் அந்தப் பெண்ணுக்கு யார் மேல் கோபப்படுவது என்றுகூடத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

சிஸ்டர் இறந்த அன்று, உடலை இன்னும் வெளியே கொண்டுவரக்கூட இல்லை, அலுவலகத்திலிருந்து எனக்கு போன். "ஆப்புல சிஸ்டர் நம்பர எடுத்துட்டு உங்க நம்பரப் போட்டாச்சு சார். தற்காலிகமாத்தான்." அனுமதி, கம்பெனிக்காரர், லாகின் எதுவுமே குறுக்கே நிற்கவில்லை. உட்கார்ந்த இடத்தில் யாரோ ஒருவர் தட்டி மாற்றியிருக்கிறார். இவ்வளவு சுலபமான வேலையைச் செய்ய ஒரு மனுஷி சாக வேண்டியிருந்தது.

வயிற்றுப்பிள்ளைக்காரி சாவுக்குப் போகக் கூடாது என்று பெரியவர்கள் தடுத்தும் நித்யா வந்துவிட்டாள். உடலைப் புதுச்சேரிக்குக் கொண்டுபோக வண்டி நின்றது. அஞ்சலையம்மாளும் தெருக்காரர்களும் சுற்றி நின்று அழுதார்கள். அப்போது என் சட்டைப்பையில் போன் அலறியது. அந்தச் சத்தத்தை யாரும் அவளுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அப்போ நம்பர மாத்த முடியுமா அங்கிள்?"

பதில் சொல்ல வாயெடுத்தேன். போன் விடவில்லை. அம்பகரத்தூரில் ஒரு பெரியவருக்குச் சிவப்பு. ஒரு நிமிஷம் என்று அவளுக்குச் சைகை காட்டிவிட்டு, ஒதுங்கிப் போய் நின்று பேசினேன். அவர் வீட்டாரிடம் ஆளைப் பேசவிடச் சொல்லிக் கேட்டு, ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டுத் திரும்பினேன். வண்டி போயிருந்தது.

புவனா சிஸ்டரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இதுதான்: சிவப்பு வந்தால், எது நடந்துகொண்டிருந்தாலும் எழுந்து போய்விடும் பழக்கம். நல்ல பழக்கம்தான். அம்பகரத்தூர் பெரியவர் தேறிவிட்டார். நித்யாவுக்கு மட்டும் நான் இன்னும் பதில் சொல்லவில்லை.