மூன்று விசில் பருப்பு

முட்டைகள் மறுபடியும் வெளுத்துவிட்டன. மீன் தொட்டியில் தட்டைக்கல்லின் மேல் நூற்றுப் பத்து வரை எண்ணியிருந்தேன். மறுநாள் பார்த்தால் பாதிக்கு மேல் பூஞ்சை பிடித்துப் பஞ்சுபோலக் கிடந்தன. இது நான்காவது ஈடு.

என் மீன்கள் சிக்லிட் இனத்தில் குள்ள வகை. கடைக்காரர் ராம் மீன் என்பார். என் சுண்டுவிரல் நீளம் வந்தால் அதிகம். முட்டையைப் போட்டுவிட்டுத் தன் பாட்டுக்குப் போகிற மீன் அல்ல. ஆணும் பெண்ணும் சேர்ந்து கல்லைச் சுத்தம் செய்யும், முட்டை வந்தபின் மாறி மாறித் துடுப்பால் விசிறிக் காவல் இருக்கும். ஆனால் உப்பில்லாத மெல்லிய தண்ணீரில்தான் முட்டை பொரியும். கோவில்பட்டியில் எங்கள் தெருவில் போர் தண்ணீரைத் தொட்டால் கையில் சோப்பு நுரைக்காது. கேன் தண்ணீரை ஒருமுறை நம்பி ஊற்றி இரண்டு மீனை இழந்தேன். அதோடு வீட்டில் கேனையே நிறுத்திவிட்டேன். குழாயில் வருவது குடிப்பதற்கே போதாது.

ஆகவே மழைத்தண்ணீர். ஐப்பசி, கார்த்திகையில் மாடியில் விழுவதை இரண்டு நீல டிரம்களில் பிடித்து, மாடிப்படிக்குக் கீழே மூடி வைத்திருக்கிறேன். கரிசல் காட்டில் அடுத்த மழை வரை அவ்வளவுதான். தண்ணீர் எடுக்கும்போதெல்லாம் மட்டம் நிற்கும் இடத்தில் டிரம்மின் வெளிப்பக்கம் சாக்பீஸால் கோடு போடுவேன். நூற்பாலையில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன் நான். கோடு போடாமல் எதையும் மூடி வைக்க எனக்கு வராது.

பெண் மீனுக்கு வயதாகிவிட்டது. வயிற்றிலிருந்த ரோஜா நிறம் மங்கிக்கொண்டு வருகிறது. இந்த இனத்துக்கு ஆயுளே இரண்டு மூன்று வருடம். அது போவதற்குள் ஒரு ஈடாவது பொரித்துவிட வேண்டும் என்பதுதான் என் கவலை.

மூன்றாவது ஈட்டை ஆண் தின்றதைக் கண்ணால் பார்த்தேன். அதனால் இந்த முறை முட்டையிட்டு முடிந்ததுமே அதைப் பிடித்து ஊறுகாய் ஜாடியில் தனியாகப் போட்டுவிட்டேன். பெண் மட்டும் காவல் இருந்தது. அப்படியும் வெளுத்துவிட்டதே என்று தொட்டி முன்னால் உட்கார்ந்திருந்தபோது, மணியாச்சியிலிருந்து மச்சினன் வந்தான். என் மனைவியின் தம்பி. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு அவனுக்கு இங்கேதான்.

"என்ன அத்தான், ஜாடிக்குள்ள ஒருத்தன் தனியா கெடக்கான்? என்ன குத்தம் பண்ணுனான்?"

"பெத்த பிள்ளையைத் தின்னுட்டான்."

"அப்பம் ஆயுள் தண்டனைதான்."

சமையலறையில் குக்கர் கூவியது. ஒன்று. இரண்டு. மூன்று. அடுப்பு அணைந்தது.

எங்கள் வீட்டில் பருப்புக்கு ஏழு விசில். போர் தண்ணீரில் அதற்குக் குறைந்தால் வேகாது. சில மாதங்களாக மூன்றில் வெந்துகொண்டிருந்தது. குக்கருக்குப் புது ரப்பர் போட்டதுதான் காரணம் என்று நினைத்திருந்தேன். பருப்பு வெண்ணெயாகக் கரைகிறது என்று நானே வாயாரப் பாராட்டியுமிருக்கிறேன். அப்போதெல்லாம் என் மனைவி தலையைக் குனிந்துகொண்டு ரசத்தைக் கலக்குவாள்.

உப்பில்லாத தண்ணீரில்தான் பருப்பு இப்படி வேகும் என்பது இப்போதுதான் உறைத்தது. எழுந்து போய் டிரம்மின் மூடியைத் திறந்தேன். தண்ணீர் கோட்டுக்குச் சரியாக நின்றது. ஆனால் உள்பக்கம், அதே மட்டத்தில், வெள்ளையாக ஒரு வளையம் படிந்திருந்தது. மழைத்தண்ணீர் உப்புப் படிய விடாது. அடுத்த டிரம்மைத் திறந்தேன். அதிலும் வளையம்.

"ஏட்டி, இங்க வா."

அவள் கரண்டியோடு வந்தாள். திறந்திருந்த டிரம்களைப் பார்த்தாள். மறுக்கவில்லை.

"ஒரு செம்புதான் எடுப்பேன். பருப்புக்கு மட்டும்."

"எடுத்த இடத்துல எதை ஊத்துன?"

"போர் தண்ணியத்தான். கோட்டுக்கு ஒரு சொட்டு கொறஞ்சா ஊரைக் கூட்டிருவீங்கள்லா? அதான் கோடு வரைக்கும் நெரப்பி வச்சேன்."

"அது மீனுக்கு வச்ச தண்ணி!"

"கேன் தண்ணிய வெசம்னு நிறுத்துனது யாரு? வேவாத பருப்பைத் தட்டோட தள்ளி விட்டது யாரு? இப்பம் நாலு மாசமா வழிச்சு வழிச்சுத் திங்கது அந்த மீனா?"

மச்சினன் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் இருமினான்.

"ஏலே, உனக்கும் தெரியுமா?"

"அக்கா சொல்லாதன்னுச்சு அத்தான். ஒரு நாள் டிரம்முல நாந்தான் ஊத்துனேன். கோட்டுக்கு மேல போயிரக் கூடாதுன்னு பாத்துப் பாத்து ஊத்துனேன்."

ஏதோ எனக்கு உதவி செய்தவனைப் போலச் சொன்னான்.

தொட்டியில் நான் மாற்றிய ஒவ்வொரு வாளியிலும் அந்தத் தண்ணீர்தான் போயிருக்கிறது. கெட்டுப்போன முட்டையைத் தின்று கல்லைச் சுத்தம் செய்தவனை நான் ஜாடியில் அடைத்தேன். குற்றம் செய்தவர்கள் இரண்டு பேரும் எனக்கு இலை போட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். நான் மோர் மட்டும் குடித்தேன். மச்சினன் என் பங்குப் பருப்பையும் போட்டுக்கொண்டான். சாயங்கால ரயிலுக்குப் போகும்போது, "வாரேன் அத்தான்" என்றான்.

மறுநாள் குக்கர் ஏழு விசில் அடித்தது. பருப்பு பல்லில் கடிபட்டது. அவளும் அதையே மென்றாள்.

ஜாடியிலிருந்த ஆணைத் தொட்டியில் திருப்பி விட்டிருந்தேன். முதலில் பெண் அதைத் துரத்தியது. பிறகு விட்டுவிட்டது. ஐப்பசிக்கு இன்னும் வெகுநாள் இருக்கிறது. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுப் போய்ப் பார்த்தேன். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்று, அதே தண்ணீரில், அதே கல்லை வாயால் சுத்தம் செய்துகொண்டிருந்தன.