நாலு பேருக்கு மேல் உள்ளே வரக்கூடாது

எங்கள் பட்டாசுக் கம்பெனியில் செல்போனை வாசலிலேயே ஒரு பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். போன மாதம் ஒரு சனிக்கிழமை வேலை முடிந்து போனை எடுத்தால், திரை முழுக்க என் மனைவி முத்துலட்சுமியின் தவறிய அழைப்புகள். திருப்பிக் கூப்பிட்டேன். "சௌந்தரி அக்கா போயிட்டாகளாம்ங்க. காலையில நெஞ்சு வலிக்குன்னாகளாம். ஆஸ்பத்திரி போறதுக்குள்ள..." என்றாள். அதற்கு மேல் அழுகைதான் கேட்டது. கம்பெனி வேனில் ஏறத் தோன்றாமல் எம். புதுப்பட்டிச் சாலையில் என் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தேன்.

இதைப் படிக்கிற நம் ஊர்க்காரர்களான உங்களுக்கு அவர் ஞானசௌந்தரி சிஸ்டர். உங்கள் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட்ட கிராம சுகாதாரச் செவிலியர். எனக்கு எட்டாம் வகுப்புவரை கூடப் படித்த சௌந்தரி. யார் கேட்டாலும் "நம்ம கூடப் படிச்ச பிள்ளை" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். அதனால் 'அவள்' என்றுதான் எழுதுவேன், கோபிக்காதீர்கள். அழுது வடிந்தும் எழுத மாட்டேன். எழுதினால் அவளே வந்து தாளைப் பிடுங்கிக் கிழித்துவிடுவாள்! ஸ்கூட்டரை நிறுத்துவதற்கு முன்பே பேச ஆரம்பிக்கிற ஆள் அவள்.

ஆறு வருடத்துக்கு முன்னால் எங்களுக்குப் பெண் பிறந்தாள். சிசேரியன். முத்துலட்சுமிக்குத் தாய் இல்லை என்பதால் பிள்ளைப்பேறு பார்த்ததெல்லாம் என் அம்மாதான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அம்மா பழைய சேலையைக் கிழித்து வயிற்றை இறுக்கிக் கட்டினார். தண்ணீர் குடித்தால் சீழ் பிடிக்கும் என்று தம்ளரை ஒளித்து வைத்தார். நான் மட்டும் சும்மா இருந்தேனா? எங்கள் பக்கம் தீப்புண் களிம்பு இல்லாத வீடே கிடையாது. கையில் பொறி பட்டால் அதுதான், கொசு கடித்தால் அதுதான். தையல் போட்ட இடம் சிவந்திருக்கிறது என்று முத்துலட்சுமி சொன்னதும், அந்தக் களிம்பை எடுத்துத் தாராளமாக அப்பிவிட்டேன். அதன் மேல் அம்மாவின் சேலைக் கட்டு. மூன்று நாள் அப்படியே புழுங்கியது.

பன்னிரண்டாம் நாள் சௌந்தரி வந்தாள். வீடு நிறைய சொந்தக்காரர்கள். என் பெரியம்மா பிள்ளையைத் தூக்கி அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். அவள் பிள்ளையைப் பார்க்கவே இல்லை. நேரே முத்துலட்சுமியிடம் போய், "புண்ணு எப்படித்தா இருக்கு?" என்று கேட்டாள். அந்தப் பன்னிரண்டு நாளில் அப்படிக் கேட்ட முதல் ஆள் அவள்தான். முத்துலட்சுமி பொங்கி அழுதுவிட்டாள். இரண்டு நாளாகக் காய்ச்சலாம். சொன்னால் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துப் பிள்ளையைப் பிரித்துவிடுவார்கள் என்று மூச்சு விடாமல் இருந்திருக்கிறாள்.

சௌந்தரி எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கட்டை அவிழ்த்தாள். தையல் ஓரத்தில் சீழ். வாடை எனக்கே அடித்தது.

"யாருலே களிம்பு போட்டது?"

"நாந்தான்."

"இது என்ன, வெடி வெடிச்சு வந்த புண்ணா? ஏலே ராசு, ஆட்டோவக் கூப்பிடு. இப்பவே பெரியாஸ்பத்திரிக்குப் போவணும்."

"செவ்வாக்கிழமையும் அதுவுமா பச்சப்பிள்ளைய வெளிய கொண்டு போவாகளா?" என்றார் அம்மா. "காய்ச்சல் கிழமை பாக்காது அத்தை" என்று சொல்லிக்கொண்டே பிள்ளையின் துணிகளை அவளே பையில் எடுத்து வைத்தாள். "பிள்ளையும் உங்கூடத்தான் இருக்கும். பாலும் குடுக்கலாம்" என்று முத்துலட்சுமியின் காதில் சொன்னாள். அப்படியேதான் நடந்தது. டாக்டர் இரண்டு தையலைப் பிரித்துச் சீழை வெளியேற்றினார், ஊசி மருந்து ஏற்றினார்கள். இன்னும் இரண்டு நாள் தாமதித்திருந்தால் ரத்தத்தில் கலந்திருக்கும் என்று அவர் சொன்னார். என் கையாலேயே என் மனைவியைக் கொல்லப் பார்த்திருக்கிறேன்.

காய்ச்சல் நின்று வீட்டுக்கு வந்தோம். பிரித்த இடம் அடியிலிருந்துதான் ஆறி வர வேண்டும், தினமும் கட்டு மாற்ற வேண்டும் என்றார்கள். சௌந்தரி தினமும் வந்தாள். ஒரு நாள் அவளுக்கு விருதுநகரில் மீட்டிங். "நாளைக்கு நீதான் மாத்தணும்" என்றாள் என்னிடம். களிம்பு அப்பிய கை அது. மாட்டேன் என்றேன்.

"கம்பெனியில வெடிமருந்து ரூமுக்குள்ள எப்படிலே போவே?" என்று கேட்டாள்.

"பருத்திச் சட்டைதான் போடணும். செருப்பு, மோதிரம் கூடாது. ஒடம்புல இருக்க கரண்டு எறங்குறதுக்கு வாசல்ல செம்புத் தகட்டத் தொட்டுட்டுத்தான் உள்ள போவணும். தேவையில்லாம எதையும் தொடக்கூடாது. நாலு பேருக்கு மேல உள்ள இருக்கக்கூடாது."

"அம்புட்டுதான்! தகட்டுக்குப் பதிலா சோப்பு. முழங்கை வரைக்கும் தேய்ச்சுக் கழுவு. இதையும் மருந்து ரூமுன்னு நெனைச்சுக்க. சிவப்பு கூடுனாலோ, வாடை அடிச்சாலோ, காய்ச்சல்ல மேலு சுட்டாலோ எனக்குப் போனப் போடு. உன் வைத்தியம் ஒண்ணும் வேண்டாம்."

எனக்கு வந்ததே ஒரு வேகம்! அன்றைக்கே அட்டையை வெட்டி, கம்பெனியில் எழுதியிருப்பது மாதிரியே எழுதிக் கதவில் ஒட்டினேன்: 'நாலு பேருக்கு மேல் உள்ளே வரக்கூடாது. கை கழுவாமல் ஒருவரும் வரக்கூடாது.' "பிள்ளையப் பாக்க வந்தா கம்பெனிச் சட்டம் பேசுதான்" என்று பெரியம்மா கோபித்துக்கொண்டு போனார். மறுநாள் கட்டு மாற்றினேன். முழங்கை வரை கழுவிய பிறகுதான் பழைய கட்டைத் தொட்டேன். மூன்றாவது வாரம் புண் முழுக்க மூடியதைப் பார்த்துச் சௌந்தரி கைதட்டினாள். நான் தெருவுக்கு ஓடிப் போய் எல்லோரிடமும் சொன்னேன். பிள்ளை பிறந்த அன்றுகூட அப்படிக் கத்தியிருக்க மாட்டேன்!

சௌந்தரியின் அடக்கத்துக்குச் சுற்றுப்பட்டு ஊரே வந்திருந்தது. எத்தனை தாய்மார்கள்! கல்லறைத் தோட்டத்து வாசலில் முத்துலட்சுமி என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "அந்தப் பிள்ள நடையப் பாத்தீகளா?" ஓர் இளம்பெண் அடிவயிற்றில் கையை அழுத்திக் குனிந்து நடந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் கணவன் துணியில் சுற்றிய பிள்ளையோடு. முன்பின் தெரியாத பெண்ணிடம் ஓர் ஆண்பிள்ளை எப்படிக் கேட்பது? ஒரு நிமிடம் தயங்கினேன். பிறகு கேட்டே விட்டேன்.

"புண்ணு எப்படித்தா இருக்கு?"

அவள் முகம் கோணிக்கொண்டது. "ரெண்டு நாளா நசநசன்னு இருக்குண்ணே. சிஸ்டர் இன்னைக்கு வந்து பாக்கேன்னு சொல்லியிருந்தாக."

மண் போடும்வரை நாங்கள் நிற்கவில்லை. ஆட்டோ பிடித்து அவர்களைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். டாக்டர் பார்த்துவிட்டு வெளியே வந்து, "நேரத்துல வந்துட்டீங்க. தையல் பிரிக்க வேண்டாம், மாத்திரையிலேயே சரியாயிரும்" என்றார். எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. நல்ல சேதி சொல்லப் போனை எடுத்தேன். விரல் சௌந்தரியின் எண்ணில் போய் நின்றது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அவள் போட்டோகூட என்னிடம் இல்லை. பிள்ளையைப் பார்ப்பதற்கு முன்னால் தாயிடம் கேட்கிற அந்த ஒரு கேள்வி இருக்கிறது. இனி எங்கே பிள்ளை பார்க்கப் போனாலும் கையைக் கழுவிவிட்டு அதைக் கேட்பேன், யார் என்ன நினைத்தாலும் சரி.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அந்தப் பெண்ணின் கணவன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "சிஸ்டருக்கு நீங்க என்ன வேணும்ணே?" என்று கேட்டான். கூடப் படிச்சவன் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"அவகிட்டப் படிச்சவன்" என்றேன்.