கப்பலோடு போன ஆறு பேர்

கண்காட்சியின் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு நிலக்கரித் துண்டு. போரில் மூழ்கிய சரக்குக் கப்பலில் கிடைத்ததாம். அந்தக் கப்பலில் கரி அள்ளிப் போட்டவர்களில் என் அப்பா மட்டுமே கரையேறினார்.

ஃபேரர் பார்க் வீட்டில் அம்மா கரியடுப்பை மூட்டினால், விசிறியை அப்பா வாங்கிக்கொள்வார். கரி சிவப்பதற்குள் கப்பலோடு போன ஆறு பேரின் பெயரையும் சொல்வார். ஒன்று விட்டுப்போனாலும் மறுபடி முதலிலிருந்து. அதன் பிறகுதான் உலை ஏறும். பசியோடு நானும் கூடவே சொல்வேன்.

கண்ணாடிப் பெட்டியின் பக்கத்துப் பலகையில், இறந்தவர்கள் வரிசையில் கேப்டனின் பெயர் இருந்தது. அதன் கீழே, ‘மற்றும் ஆறு கரித் தொழிலாளர்கள்.’

“அவங்க பேரு யாருக்கும் தெரியாது லா, ஆண்ட்டி,” என்றாள் வழிகாட்டிப் பெண்.

“எனக்குத் தெரியும். எழுதிக்கம்மா.”

காத்தமுத்துவில் தொடங்கினேன். ஐந்தாவது பெயரில் தடுமாறி, மறுபடி காத்தமுத்துவுக்கே போனேன். இந்த முறை ஒருவரும் விடுபடவில்லை.