கடைசிச் சுற்றும் ஓர் இருமல் மிட்டாயும்

பிப்ரவரி பதினான்காம் தேதி, சனிக்கிழமை, காலை ஏழே முக்கால் மணிக்கு லாரிக்கார அக்கா வர்ணனைக் கூண்டின் ஏணியில் ஏறி வந்தபோதுதான் வாய்க்காரர் அவரை முதன்முதலில் சந்தித்தார். சந்தித்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. மாட்டிக்கொண்டார் என்பதே சரி.

“மலர் போன்ற மங்கைன்னு மைக்கில சொன்னது நீதானா?”

“நான்தாங்க. பாராட்டித்தான்...”

“என் பொண்ணு ரேஸ் ஓட்ட வந்திருக்கா, பூச்சட்டியில உக்கார வரலை. இப்பக் கீழே பக்கத்துக் கார்காரனை அவ திட்டினதைக் கேட்டிருந்தா உன் மலர் அங்கேயே வாடியிருக்கும்.”

இறங்கிப் போனவர் அன்றிலிருந்து பந்தய நாள்களில் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டார்.

வாய்க்காரர் வாரநாள்களில் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது என்று அவர் தொண்டை கிழியச் சொல்வார். கேட்டுக்கொண்டிருந்த பயணி நேராகப் போய் நடத்துநரிடம் அதையே விசாரிப்பார். வீட்டிலும் அவர் வார்த்தைக்கு ஏறக்குறைய அதே மதிப்புதான். அப்படிப்பட்டவருக்கு இளையோர் ஒற்றை இருக்கைக் கார் பந்தயத்தின் மைக் கிடைத்ததும், ஆண்டுக்கணக்காக அடைத்துவைத்திருந்த உவமைகள் அனைத்தும் அவிழ்த்துவிட்ட கன்றுகளாக ஓடின.

அந்தப் போட்டியில் எல்லாக் கார்களும் ஒரே தொழிற்சாலை ஒரே அச்சில் செய்தவை. என்ஜினை யாரும் தொடாதபடி முத்திரை வைத்திருப்பார்கள். ஓட்டுபவரின் திறமை மட்டுமே ஜெயிக்க வேண்டுமாம். ஆகவே, தோற்ற பிள்ளையின் அப்பா ஒவ்வொருவரும் அடுத்தவன் என்ஜின் திருட்டு என்ஜின் என்று சீசன் முழுவதும் சத்தியம் செய்தார். சிக்கனம் கருதிக் கார்களுக்குள் வயர்லெஸ் கிடையாது. தடத்தின் ஓரச்சுவரில் நின்று, எண் மாட்டிய பலகையைத் தூக்கிக் காட்டினால்தான் எத்தனை சுற்று மிச்சம் என்று பிள்ளைக்குத் தெரியும். அப்பாக்களுக்கு எண்ணப் பொறுமை ஏது? ஒலிபெருக்கியில் வாய்க்காரர் சொல்வதைக் கேட்டு எண்ணை மாற்றினார்கள். பஞ்சு அடைத்த அக்கா மட்டும் தானே எண்ணினார்.

வாய்க்காரர் எண்ணும் முறை தனி. எதிரே சுற்று எண்ணைக் காட்டும் திரை இருந்தது. அதைப் பார்த்தால் உவமை அறுந்துவிடும். எனவே பன்னிரண்டு சுற்றுக்குப் பன்னிரண்டு இருமல் மிட்டாய்களை மேசையில் வரிசையாக வைப்பார். சுற்று தொடங்கும்போது ஒன்று வாய்க்குள் போகும். தொண்டைக்கும் இதம், கணக்குக்கும் காவல்.

இப்படியே சீசன் ஓடிக் கடைசிப் பந்தயம் வந்தது. புள்ளிகளில் ஓடுக்கடை முதலாளியின் மகன் ஒரு மயிரிழை முன்னால். அக்காவின் பெண் அவனை முந்தி முடித்தால் பட்டம் அவளுக்கு. பட்டம் வென்றவருக்கு மேல்வகுப்புப் பந்தயத்தில் இலவச இருக்கை. அது கைநழுவினால் இன்னொரு சீசனுக்குச் செலவழிக்க அக்காவால் முடியாது. பெண் காரை விட்டு இறங்க வேண்டியதுதான்.

பந்தயத்துக்குமுன் டயர் சூடேறுவதற்காக எல்லாரும் மெதுவாக ஒரு சுற்று வருவார்கள். அது கணக்கில் சேராது. அன்று வாய்க்காரருக்குத் தொண்டை கரகரத்தது. அந்தச் சுற்றிலேயே ஒரு மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

பதினோராம் சுற்று தொடங்கியபோது மேசையில் கடைசி மிட்டாய் கிடந்தது.

“இதோ கடைசிச் சுற்று!” என்று அவர் முழங்க, அத்தனை அப்பாக்களும் பலகையைத் தூக்கினார்கள். முதலாவதாக வந்த முதலாளி மகன் கோட்டைக் கடந்ததும் கையை உயர்த்திக்கொண்டு வேகத்தைக் குறைத்தான். அவன் பின்னால் வந்த இருவரும் குறைத்தார்கள். கொடிக்காரர் சுருட்டிய கொடியோடு நின்று, இவர்களுக்கு என்ன வந்தது என்று பார்த்தார். ‘இன்னும் ஒன்று’ என்ற அம்மாவின் பலகையைப் பார்த்துவிட்டு வந்த பெண் மூவரையும் தாண்டிப் போனாள். போனவளை எவராலும் பிடிக்க முடியவில்லை.

முடிவை எதிர்த்துப் புகார் கொடுத்த ஓடுக்கடை முதலாளி, விசாரணை அறைக்கு வெளியே வாய்க்காரரின் தோளில் கை போட்டார். பந்தயத்துக்கு மைக்கும் கூண்டும் அவர் உபயம்.

“அண்ணே, திரை தப்பாக் காட்டுச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. கருவி கோளாறுன்னா பந்தயமே செல்லாது. பட்டம் என் பையனுக்கு, மைக் உங்களுக்கு.”

“இல்லேன்னா?”

“நடைமேடை நாலு, நடைமேடை அஞ்சுதான்.”

உலகத்தில் வாய்க்காரரின் பேச்சைப் பிறர் கேட்கும் ஒரே இடம் அந்தக் கூண்டு. அதிலும் இன்று மூன்று பிள்ளைகள் அவர் சொன்னதை அப்படியே கேட்டு நடந்திருக்கிறார்கள். வாழ்நாளில் அவருக்கு அப்படி நடந்ததே இல்லை. அந்தப் பெருமையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

“திரையில ஏதாவது கோளாறா?” என்று தலைமை நடுவர் கேட்டார்.

“திரை சரியாத்தாங்க இருந்துச்சு. நான் அதைப் பார்க்கலை.”

“பின்னே எதைப் பார்த்தீங்க?”

“மிட்டாயை.”

நடுவர்கள் மூவரும் சிரித்து ஓய்வதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. முடிவு நிலைத்தது, பட்டம் பெண்ணுக்குப் போனது. அடுத்த ஆண்டு மைக் முதலாளியின் மச்சானிடம் போனது.

விசாரணை நடந்த அன்று மாலை அக்கா பஞ்சை எடுத்துவிட்டு வந்து எதிரே நின்றார்.

“உள்ளே என்ன சொன்னேன்னு கேள்விப்பட்டேன். இது என் மேல கடன். எப்ப வேணும்னாலும் கேளு, லாரியோட வந்து நிப்பேன்.”

“அதெல்லாம் எதுக்குங்க.”

“கேளுன்னா கேளு. திரும்ப மலர், மங்கைன்னு ஆரம்பிச்சுடாதே.”

இரண்டு ஆண்டு கழித்து வாய்க்காரர் வீடு மாற்றினார். இரும்புப் பீரோவைப் பார்த்ததுமே மைத்துனர் நழுவிவிட்டார்.

“அந்த லாரிக்கார அம்மாவுக்கு ஒரு போன் போட்டா என்ன, வாயில இருக்கற முத்தா உதிர்ந்துடும்?” என்றாள் மனைவி.

“பீரோவுக்கா அதைச் செலவழிக்கிறது? நீ அந்தப் பக்கம் பிடி.”

மகள் கல்யாணத்துக்குச் சாமான் ஏற்றியபோதும் வாடகை வண்டிதான். பேருந்து நிலையத்தை ஒட்டிய சாலையில் அக்காவின் லாரி அவரைத் தாண்டிப் போகும். அக்கா ஒலிப்பானை அடித்து, என்ன வேண்டும் என்று கையால் கேட்பார். ஒன்றும் வேண்டாம் என்று வாய்க்காரர் தலையாட்டிவிட்டு மைக்கின் பக்கம் திரும்பிக்கொள்வார்.