துண்டை எடுங்க அண்ணாச்சி

டாக்டர் செண்பகவல்லி காலமான செய்தி வந்தபோது சோழவந்தானில் வெற்றிலை ஏலம் கூறிக்கொண்டிருந்தேன். போனைப் பைக்குள் போட்டுவிட்டு ஏலத்தைத் தொடர்ந்தேன். கல்நெஞ்சன் என்று ஒருவர் முணுமுணுத்தார். முணுமுணுக்கட்டும். இந்தத் தொண்டையே டாக்டரம்மா மீட்டுத் தந்தது. அதை அடைத்துக்கொண்டு நின்றால் அவருக்குப் பிடிக்காது.

அவரிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டு, இந்த அஞ்சலிக் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களுக்கு அவர் கண்டிப்பு தெரியும். நான் ஆறு வருடத்துக்கு முன்பு தெரிந்துகொண்டேன். கடைவாய்ப் பல் வலித்து, தாடைக்கடியில் வீங்கியது. கட்டி பழுத்து உடையட்டும் என்று மஞ்சள் பற்றுப் போட்டு மூன்று நாள் வியாபாரம் பார்த்தேன். நான்காம் நாள் வாய் திறக்கவில்லை, எச்சில் இறங்கவில்லை, படுத்தால் மூச்சு முட்டியது. மனைவி மதுரைக்கு அவரிடம் கொண்டுபோனாள்.

டாக்டர் பற்றை வழித்தெறிந்து கழுத்தை அழுத்தினார். பலகைபோல இறுகியிருந்தது.

"எதுக்கும்மா காத்திருந்தீங்க?"

"பழுத்து உடையும்னு சொன்னாங்க டாக்டரம்மா."

"இது வெளிய உடையாது. நாக்குக்கு அடியில பரவி நாக்கை மேல தள்ளுது. விட்டா மூச்சுக்குழாயை ஒட்டியே நெஞ்சுக்குள்ள இறங்கிரும். தொண்டையில ஓட்டை போட்டு மூச்சுக்குக் குழாய் வச்சிட்டு, கழுத்தைக் கீறிச் சீழை எடுக்கணும்."

நான் கையெழுத்துப் போட மறுத்தேன். வாயில் கொழுக்கட்டை அடைத்த குரலில், "குரல் போனா எம்பொழப்பு போச்சு" என்றேன்.

"குரல் திரும்பி வரும் அண்ணாச்சி. மூச்சு நின்னா வராது. போடுங்க."

போட்டேன். பத்தாம் நாள் குழாயின் வாயை என் விரலாலேயே மூடிப் பேசச் சொன்னார். பயத்தில் வாய்க்கு வந்தது ஏலக் கூவல்தான்.

"ஒரு தரம்," என்றேன்.

"ரெண்டு தரம்," என்றார் அவர், சிரிக்காமல்.

பிறகு ஒருநாள் தழும்பை மறைத்துத் துண்டு சுற்றி அவரிடம் போயிருந்தேன். "துண்டை எடுங்க அண்ணாச்சி. அம்புட்டுப் பேரும் பாக்கட்டும். பாத்துட்டுப் பல்லு டாக்டர்கிட்டப் போகட்டும்."

அவர் போன அன்று ஏலம் முடிந்ததும் மாலை வாங்கக் கிளம்பினேன். தாடையில் பற்றோடு, வெற்றிலை பயிரிடும் கொடிக்கால்காரர் ஒருவர் நின்றார். எச்சிலைத் துண்டால் துடைத்துக்கொண்டே, "நாளைக்குப் போறேன்ணே" என்றார். சட்டைப் பொத்தானை அவிழ்த்துத் தழும்பைக் காட்டினேன். "நாளைக்குன்னா உன் வெத்தலக் கட்டுக்கு நான் ஏலம் கூற மாட்டேன். வண்டியில ஏறு."

அவரை ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்குள் அங்கே அடக்கம் முடிந்துவிட்டது. டாக்டரம்மா முகத்தைக் கடைசியாகப் பார்க்கவில்லை. அதற்காக யாரிடமும் வருத்தம் தெரிவிக்கப் போவதில்லை. கொடிக்கால்காரர் மூச்சோடு இருக்கிறார். நான் துண்டு போடுவதில்லை.