அம்மாவை அழவைத்த சின்னம்மா

எங்கள் அப்பா விக்கிரமங்கலத்தில் பிறந்தவர். சின்ன வயதிலேயே தகப்பனாரை இழந்து, தங்கைகளுக்காகப் படிப்பை விட்டுவிட்டுச் சுண்ணாம்புக்கல் லாரியில் கிளீனராகப் போனார். பிறகு அரியலூர் – ஜெயங்கொண்டம் தடத்தில் தனியார் பஸ் கண்டக்டரானார். வாய்தான் அவருடைய சொத்து. "உள்ள போங்க மாமா, கல்யாண மண்டபம் மாதிரி எடம் கெடக்கு" என்பார். திட்ட வாயெடுத்தவரும் சிரித்துக்கொண்டே நகர்வார். தங்கைகளைக் கரையேற்றிய பிறகே தாம் மணம் முடித்தார். எங்களைக் கைநீட்டி அடித்ததே இல்லை. கேலி செய்தே வளர்த்து ஆளாக்கினார்.

போன வருஷம் ஒரு காலையில், டூட்டிக்குக் கிளம்பிச் சட்டை மாட்டும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தினோம். அம்மா அழவில்லை. தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு, வருகிற பெண்களிடம் "பஸ் கெடச்சுதா? காபி குடிச்சீங்களா?" என்று விசாரித்தார். கட்டிப்பிடித்து அழுதவர்களுக்கு அவரே முதுகைத் தடவிக் கொடுத்தார். "ஒரு சொட்டுக் கண்ணீர் வரலியே புள்ள, இப்புடி அடக்கி வச்சா ஆளையே சாச்சுப்புடும்" என்று அத்தை என் காதில் சொன்னார். அம்மாவையும் பறிகொடுத்துவிடுவேனோ என்று பயந்தேன். உலுக்கினேன், கெஞ்சினேன். பலனில்லை.

அப்போதுதான் பூலாம்பாடிச் சின்னம்மா வந்து சேர்ந்தார். அப்பாவின் அத்தை மகள், முறைப்பெண். வேறு இடத்தில் வாழ்க்கைப்பட்டும், அப்பாவை வம்புக்கு இழுக்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. எந்த விசேஷத்திலும் இருவருக்கும் வாய்ச்சண்டை நடக்கும். அம்மா புருஷன் கட்சியில் நின்று பதில் கொடுப்பார்.

வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார் சின்னம்மா.

"யோவ் மச்சான்! நான் வரேன்னு தெரிஞ்சுதான் கண்ண மூடிக்கிட்டியா? என்னையக் கட்டியிருந்தா இப்புடிப் பாதியில எறங்கிப் போக வுட்டுருப்பேனா? வாயத் தொறந்து ஒரு பேச்சு பேசுய்யா!"

அம்மா சட்டென்று நிமிர்ந்தார். "ஏன்டி, வந்ததும் வராததுமா அவர வம்புக்கு இழுக்குற? ஒன்னையக் கட்டியிருந்தா என்னைக்கோ சாமியாராப் போயிருப்பாரு!" என்றார். சொல்லிவிட்டு, எப்போதும்போல அப்பாவின் முகத்தைத் திரும்பிப் பார்த்தார்.

அப்பா சிரிக்கவில்லை.

"அய்யோ, சிரிக்க மாட்டேங்கிறாரேடி!" என்று அலறிக்கொண்டு அம்மா சின்னம்மாவின் மடியில் விழுந்தார். வீடே அழுதது. அந்த அழுகையைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

சாவு வீட்டில் எதற்கு இத்தனை கூட்டம், கூச்சல் என்று சலித்துக்கொள்கிறவர்கள் உண்டு. அவர்கள் அன்றைக்கு எங்கள் வீட்டில் இருந்திருக்க வேண்டும். தனியாக அழத் தெரியாதவரை ஊர் கூடித்தான் அழவைக்கிறது. கருமாதிவரை எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. சோறு கொண்டுவந்தவர்கள் அப்பாவைப் பற்றி ஆளுக்கொரு பஸ் கதையையும் சேர்த்துக் கொண்டுவந்தார்கள். அதைக் கேட்டுச் சிரித்து, உடனே அழுது, அப்படியே இரண்டு வாய் சாப்பிட்டார் அம்மா.

சோறு சுமந்துவந்த சொந்தங்களுக்கும், பந்தல் போட்ட தெருக்காரர்களுக்கும், பாடையைத் தோளில் தாங்கிய பஸ் டிரைவர், கண்டக்டர் அண்ணன்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்பி நன்றி சொல்கிறது. சின்னம்மாவுக்கு மட்டும் சொல்ல மாட்டேன், சொன்னால் கோபித்துக்கொள்வார். வருஷ திதிக்கு வரும்போதும் அவர் வாசலிலிருந்தே அப்பாவைத் திட்டிக்கொண்டு வரவேண்டும். பதில் சொல்ல அம்மா இருக்கிறார்.