அந்தப் பிழை செல்வராணியுடையது அல்ல

காலை ஆறு நாற்பது. கரவனெல்ல ஆஸ்பத்திரிக்கு எதிரே உள்ள தேநீர்க் கடையில் ஃப்ளாஸ்கில் சுடுதண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தேன். செல்வராணியின் அண்ணன் வீதியைக் கடந்து வந்து என் பக்கத்தில் நின்றார். "மச்சான், தண்ணி இனி வேணாம்" என்றார். நான் மூடியைத் திருகி இறுக்கினேன். சரியாக மூடியிருக்கிறதா என்று தலைகீழாகப் பிடித்தும் பார்த்தேன். பிறகுதான் அவரோடு நடந்தேன். எலிக்காய்ச்சல், ஐந்தே நாள். என் மனைவிக்கு முப்பது வயது ஆகவில்லை.

இந்த இதழைப் படிக்கும் உங்களில் பலருக்கு அவள் ராணி மிஸ். தெஹியோவிட்ட நிலையத்தில் கம்ப்யூட்டர் படிப்பித்தவள். தோட்டங்களில் உள்ள நம் ஒன்பது கம்ப்யூட்டர் நிலையங்களிலும், வேறு மெஷினில் படிக்க முடியாத பழைய எழுத்துருவில் அடித்து வைத்த பெயர்ப் பட்டியல்கள் இருந்தன. அடையாள அட்டைக்கும் பிறப்புச் சான்றிதழுக்கும் அந்தப் பெயர்களையே மறுபடியும் மறுபடியும் அடித்துக்கொண்டிருந்தீர்கள். அவற்றை யுனிகோடுக்கு மாற்றும் ப்ரோகிராமை பைத்தனில் எழுதியவள் அவள்தான். பெரிய பட்டியல் என்றால் அது தவழ்ந்தது. அதனால் நடுவில் உள்ள ஒரு பகுதியை மட்டும் நான் சி மொழியில் எழுதிக் கொடுத்தேன். நிலையங்களில் அதை மெஷின் மொழிக்கு மாற்றும் கம்பைலரும் இல்லை, இன்டர்நெட்டும் இல்லை. என் பகுதியை வீட்டிலேயே கம்பைல் செய்து, அவளுடையதோடு சேர்த்து ஒரே பொதியாக்கி, சீடியில் அனுப்ப வேண்டும். பொதியாக்கும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். ஆக்கியவர் என்ற இடத்தில் என் பெயரை மட்டும் போட்டேன்.

அவள் அதைப் பார்த்தாள். "என்னாங்க, எம்பேரு எங்க? எடம் பத்தலயா?"

"அடுத்ததுல போடுறேன்."

"போடுங்க போடுங்க. எங்கம்மாகிட்ட காட்டணும்."

அடுத்த பதிப்பு வந்தது. அதற்கு அடுத்ததும் வந்தது.

அந்த இரண்டாம் பதிப்பில்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். கம்பைலருக்குக் கொடுக்கும் கட்டளையில் ஒரு சொல்லைக் கூடுதலாகச் சேர்த்தேன். என் மெஷினின் ப்ராசசருக்கு மட்டுமே தெரிந்த கட்டளைகளைப் பயன்படுத்து என்பது அதன் பொருள். வேகம் இரண்டு மடங்கானது. அன்று முழுக்க அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய மெஷின்களுக்கு அந்தக் கட்டளைகள் புரியாது, ப்ரோகிராம் செத்து விழும் என்பது எனக்குப் புதிய செய்தி அல்ல. படித்து, பரீட்சையில் எழுதியும் இருக்கிறேன்.

ஒரு வாரம் கழித்து அவள் சொன்னாள்: "கஹவத்தையில தொறந்த ஒடனே மூடிக்குதாம்."

"யாரு தொறந்தது?"

"மேரி. அங்க டைப் அடிக்கிற புள்ள."

"கண்டதையும் அமத்தியிருக்கும். ஒழுங்கா பழக்கலயா நீ?"

"பங்களாவுல ஒக்காந்து மலைய பாக்குற தொரை மாதிரி பேசாதீங்க. எறங்கி வந்து பாருங்க."

நான் போகவில்லை. சனிக்கிழமை அவள் மூன்று பஸ் மாறி கஹவத்தைக்குப் போனாள். அங்கே பொறுப்பாளர் சிங்களத்தில், "மே லமயா தமய் மெஷின் எக கெடுவே", இந்தப் பிள்ளைதான் மெஷினை உடைத்தது என்று, மேரியைக் கம்ப்யூட்டரிலிருந்து எழுப்பி வருகைப் புத்தகம் எழுத வைத்திருந்தார். திரும்பி வந்தவள் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்த சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்தில் ஒரு தாளை வைத்தாள்.

"அங்க இருக்கிறது பென்டியம் டூ. நீங்க எதுக்குன்னு கம்பைல் பண்ணுனீங்க?"

நான் சோற்றைப் பிசைந்தேன்.

"நம்ம மெஷின்ல ஓடுனா, நம்ம மெஷின்ல ஓடுதுன்னு மட்டுந்தான் அர்த்தம்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. வகுப்பில் சொல்வதைப் போலச் சொன்னாள்.

அந்தச் சொல்லை எடுத்துவிட்டு மறுபடியும் கம்பைல் செய்தேன். என் பகுதி ஒரு மெஷினுக்கு ஒத்துவராவிட்டால் தன்னுடைய மெதுவான பகுதியே ஓடும்படி அவள் ஒரு சோதனையை முன்னால் வைத்தாள். "ஆமைன்னு சிரிச்சுக்கங்க. கஹவத்தையில ஓடணும், அவ்வளவுதான்." மாற்றக் குறிப்பில் நான் எழுதியது இரண்டு சொல்: சிறு திருத்தம்.

அவள் கேட்டது இன்னொன்றும் உண்டு. பொதி செய்தவன் என்ற முறையில், பிழை பொதியில்தான், மேரியின் கையில் இல்லை என்று பொறுப்பாளருக்கு ஒரு கடிதம். ஒரு பக்கம் போதும் என்றாள். அந்த மாதம் கொழும்பில் ஒரு வேலைக்கு விண்ணப்பித்திருந்தேன். அந்தப் பொதியைத்தான் பெரிதாக எழுதியிருந்தேன். அதில் பிழை என்று என் கையெழுத்தோடு ஒரு தாள் எங்கேயும் இருப்பதை நான் விரும்பவில்லை. நாளைக்கு என்றேன். இரண்டு முறை கேட்டாள். பிறகு கேட்கவில்லை. மறந்துவிட்டாள் என்று எடுத்துக்கொண்டேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் மேரி வீட்டுக்கு வந்தார். இப்போது ரப்பர் மலையில் பால் வெட்டுகிறாராம். வாசலுக்குள் வராமலே நின்று பேசினார்.

"அக்கா எனக்காக கடுதாசி எழுதிக் குடுத்தாங்க சேர். கம்பைல் பண்ணுனது நான்தான், எம்பிழைன்னு. ஆனா அதுக்குள்ள அந்த கதிரையில வேற ஆள போட்டுட்டாங்க."

மேரியே தொடர்ந்தார்.

"சேர் செஞ்ச நல்ல சாமான அக்காதான் கெடுத்துட்டாங்கன்னு சென்டர்ல கொஞ்ச பேரு பேசுனாங்க. நீங்க மனசுல வச்சுக்காதீங்க. அவங்கள நான் ஒரு நாளும் தப்பா நெனக்கல."

அந்த இடத்தில் நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். "கடைசி பஸ் எத்தன மணிக்கு?" என்று கேட்டேன். மேரி நேரத்தைச் சொல்லி, கும்பிட்டுவிட்டுப் போனார்.

ஆகவே இங்கே எழுதுகிறேன். கஹவத்தையில் ப்ரோகிராமைச் சாகடித்தது நான் சேர்த்த சொல். மேரி எதையும் உடைக்கவில்லை. செல்வராணி எதையும் கெடுக்கவில்லை. நான் எழுதாத கடிதத்தை அவள் தன் பெயரில் எழுதினாள், எனக்குச் சொல்லவும் இல்லை. மேரிக்குத் திரும்ப இடம் கொடுக்கும்படி என் கையெழுத்தோடு பொறுப்பாளருக்கு நேற்று எழுதினேன். தாமதம்தான். புதிய பதிப்பில் அவள் பெயர் இருக்கும். ஆனால் உங்களிடம் உள்ள சீடிகளை என்னால் மாற்ற முடியாது. அவற்றில் என் பெயர்தான் வரும். நம்பாதீர்கள்.

அவளுடையதாக நான் வைத்திருப்பது ஒரு கொப்பித் தாள். ஒன்பது நிலையங்களின் மெஷின்களையும் நேரில் போய்ப் பார்த்து நீல மையில் எழுதியது. ப்ராசசர், மெமரி, அதில் உட்கார்ந்து வேலை செய்பவரின் பெயர். பொதியை அனுப்பும் முன் அந்தப் பெயர்களைத்தான் முதலில் பார்ப்பாள். கஹவத்தைக்கு நேராக மேரி என்று இருக்கிறது. மேரி போன பிறகும் அவள் அதை வெட்டவில்லை.

இன்று காலையிலிருந்து மூன்று நிலையங்களிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். "உங்க ப்ரோகிராம் நல்லா ஓடுது சேர், அத நெனச்சு மனச தேத்திக்கங்க" என்கிறார்கள். மூன்று பேருக்கும் நன்றி என்று சொன்னேன். நீங்கள் இதைப் படிக்கும்வரை இன்னொரு நன்றி என் வாயிலிருந்து வரக் கூடாது. ஃபோனை அணைத்துவிட்டேன்.